படம் வரைந்தவர் யார்? நல்ல டிசைன்களைத் தேடிப் பிடிப்பதும் பகிர்வதும்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரத்தில் எல்லோரும் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. வால்பேப்பரை மாற்றுவது! விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்களுக்குப் பச்சைப் புல்மேடும் நீல வானமும் கொண்ட அந்தப் படம் மறந்திருக்காது. 1996-ல் கலிபோர்னியாவின் சொனோமா பகுதியில் சார்லஸ் ஓ'ரியர் என்ற போட்டோகிராபர் எடுத்தது அது. 2001-ல் எக்ஸ்பியுடன் வெளிவந்து உலகம் முழுக்கப் பரவியது. பார்த்தவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். எடுத்தவர் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கட்டுரையில் நாம் பார்க்கப்போவது இதைத்தான். இன்றைய நல்ல டிசைன்களையும் ஓவியங்களையும் எங்கே பார்க்கலாம், பிடித்ததை எப்படிச் சேர்த்து வைக்கலாம், நண்பர்களுக்கு அனுப்பும்போது வரைந்தவரின் பெயர் தொலையாமல் எப்படிப் பார்த்துக்கொள்ளலாம்? இதற்கு விலை உயர்ந்த சாப்ட்வேர் எதுவும் வேண்டாம்.

பக்கத்துத் தெருவில் ஒரு தூரிகை

நல்ல டிசைன் என்றதும் பலர் நேராக வெளிநாட்டு இணையதளங்களுக்குப் போய்விடுகிறார்கள். நான் குடியிருப்பது அபிராமபுரத்தில். எங்கள் பேட்டையிலேயே பிருத்வி அவென்யூவில் பல ஆண்டுகள் இயங்கிய பதிப்பகம் தூலிகா. குழந்தைகளுக்கான படப்புத்தகங்களை வெளியிடுவதற்காக 1996-ல் ராதிகா மேனன் தொடங்கியது. தூலிகா என்றால் தூரிகை. தூலிகாவின் பழைய பதிப்புகள் உங்கள் வீட்டில் இருந்தால் உள்பக்கத்தைப் பாருங்கள், அபிராமபுரம் முகவரி அச்சாகியிருக்கும்.

குழந்தைகள் புத்தகத்துக்கும் கம்ப்யூட்டர் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பக்க வடிவமைப்பு கற்றுக்கொள்ள இதைவிட மலிவான பாடப்புத்தகம் கிடையாது. அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த 'கஜபதி குலபதி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஜலதோஷம் பிடித்த பெரிய யானை ஒன்று தும்மப்போகிறது. கதை அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் யானை எவ்வளவு இடத்தை அடைக்கிறது, எழுத்துக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று கவனியுங்கள். 'பெரிய யானை' என்று எழுதுவது ஒன்று, பக்கத்தில் இடம் போதாதபடி வரைந்து காட்டுவது வேறொன்று.

சந்தியா ராவ் எழுதி நீனா சப்னானி வரைந்த 'மை மதர்ஸ் சாரி' இன்னொரு வகை. அதில் சேலைகள் நிஜச் சேலைகளின் நெசவும் கரையுமாகப் பக்கம் முழுக்க விரிகின்றன. அவற்றின் மேல் சின்னச் சின்னக் குழந்தைகளை ஓவியமாக வரைந்திருக்கிறார். போட்டோவையும் ஓவியத்தையும் ஒரே பக்கத்தில் சேர்த்தால் இரண்டும் ஒட்டாமல் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும் என்பது போட்டோஷாப்பில் முயன்றவர்களுக்குத் தெரியும். இந்தப் புத்தகத்தில் ஒட்டியிருக்கிறது. எப்படி என்று பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் புரியும். பின்னணியில் நிஜம், முன்னால் ஓவியம், அந்த வரிசை எந்தப் பக்கத்திலும் மாறுவதில்லை.

தூலிகா புத்தகங்கள் தமிழ், ஆங்கிலம், இந்தி, மலையாளம், கன்னடம், தெலுங்கு, மராத்தி, குஜராத்தி, வங்காளம் என்று ஒன்பது மொழிகளில் வருகின்றன. படம் ஒன்றுதான், எழுத்து மட்டும் மாறுகிறது. பல மொழிப் படப்புத்தகங்களை அச்சிடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. கலர் அச்சு என்பது சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகள், நான்கு பிளேட்டுகள். எழுத்து முழுவதும் கறுப்பில் மட்டும் இருந்தால், மொழி மாறும்போது கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும். மற்ற மூன்றும் அப்படியே இருக்கும். எழுத்தைக் கலரில் போட்டாலோ, அடர்ந்த பின்னணியில் வெள்ளையாக விட்டாலோ எல்லா பிளேட்டுகளையும் மாற்ற வேண்டிவரும். செலவு ஏறிவிடும்.

அதோடு போகவில்லை. ஆங்கிலத்தில் ஒரு வரியில் முடிவது தமிழில் ஒன்றரை வரி போகும். ஒரு மொழிக்கு மட்டும் இடம் விட்டு வரைந்தால் இன்னொரு மொழியில் எழுத்து யானையின் தும்பிக்கை மேல் ஏறிவிடும். எனவே வரைபவர் தனக்குப் படிக்கத் தெரியாத மொழிகளுக்கும் சேர்த்து இடம் ஒதுக்கி வரைய வேண்டும். நீங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அழைப்பிதழ் தயாரிக்கிறீர்கள் என்றால் முதலில் தமிழ் எழுத்தை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு ஆங்கிலத்தை வையுங்கள். தமிழ் கொள்ளும் இடத்தில் ஆங்கிலம் தாராளமாக உட்காரும்.

திருவான்மியூரில் லேயர் பாடம்

அபிராமபுரத்திலிருந்து அடையாறு பாலத்தைத் தாண்டித் தெற்கே போனால் திருவான்மியூரில் தாரா புக்ஸ். கீதா உல்ஃப் 1994-ல் தொடங்கிய பதிப்பகம். உலகம் முழுக்க டிசைன் மாணவர்கள் பேசுகிற பெயர் இது. நம் ஊரில் ஆட்டோக்காரரிடம் சொன்னால் 'அது எங்க சார்?' என்பார்.

2006-ல் தாரா வெளியிட்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' புத்தகத்தை ஒருமுறையாவது கையில் வாங்கிப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்துக் கோண்ட் ஓவியர்களான பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்த மரங்கள். கறுப்புக் காகிதத்தில், சில்க் ஸ்க்ரீன் முறையில், சென்னையில் கையாலேயே அச்சிட்டு, கையாலேயே தைத்து, ஒவ்வொரு பிரதிக்கும் எண் போட்டு வெளியிடுகிறார்கள். 2008-ல் இத்தாலியின் போலோனியா குழந்தைகள் புத்தகச் சந்தையில் பரிசு பெற்றது. மானிட்டரில் அந்தப் படத்தைப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மை காகிதத்தின் மேல் லேசாகத் தடித்து நிற்பதை விரலால் தடவித்தான் உணர முடியும்.

சில்க் ஸ்க்ரீன் நமக்குப் புதிதல்ல. கல்யாணப் பத்திரிகை முதல் துணிப்பை வரை நம் ஊரில் ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்பவர்கள் இருந்தபடியே இருக்கிறார்கள். ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்க்ரீன். ஒன்று காய்ந்தபின் அடுத்தது, இம்மி பிசகாமல் அதே இடத்தில் விழ வேண்டும். இப்போது ஜிம்ப் அல்லது இங்க்ஸ்கேப்பைத் திறந்து லேயர் பகுதியைப் பாருங்கள். அதே சங்கதிதான்!

ஒரு பயிற்சி சொல்கிறேன், இரண்டுமே இலவச சாப்ட்வேர் என்பதால் செலவில்லை. புதிய ஃபைல் ஒன்றைத் திறந்து மூன்று லேயர் மட்டும் உருவாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கலர். ஜிம்ப்பில் மேல் லேயர்களின் மோடை 'மல்டிப்ளை' என்று மாற்றிவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று விழும் இடத்தில் கலர்கள் கலந்து நான்காவது கலர் தானாகக் கிடைக்கும். மூன்று கலரில் ஒரு வேப்பமரம் வரைய முடிகிறதா என்று முயன்று பாருங்கள். பதினாறு மில்லியன் கலர் கையில் இருக்கும்போது வராத ஒழுங்கு, மூன்றே கலர் என்று கட்டிப்போட்டவுடன் வந்துவிடும். எனக்குத் தெரிந்து டிசைன் கற்பதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

பஜ்ஜு ஷியாமைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களில் ஓவியம் தீட்ட அவரை அழைத்துப் போனார்கள். அந்தப் பயணத்தை அவர் வரைந்து, 2004-ல் தாரா வெளியிட்ட புத்தகம் 'தி லண்டன் ஜங்கிள் புக்'. அதில் விமானம் பறக்கும் யானையாகிறது. பூமிக்கடியில் ஓடும் ரயில் மண்புழு ஆகிறது. பிக் பென் கடிகாரமும், கிராமத்தில் நேரம் சொல்லும் சேவலும் ஒரே உருவமாகச் சேர்ந்து, சேவலின் கண் இருக்கும் இடத்தில் கடிகார முகம் இருக்கிறது. லோகோ டிசைன் செய்பவர்கள் 'இரண்டு கருத்தை ஒரே உருவத்தில் கொண்டுவா' என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்களே, அதற்கு நான் பார்த்த மிகச் சிறந்த உதாரணம் இது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

தாராவுக்கு நேரில் போவதாக இருந்தால் முதலில் போனில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வலையில் தேடும்போது

சரி, எல்லோராலும் திருவான்மியூர் வர முடியாது. இணையத்தில் எங்கே தேடுவது?

2005-ல் தொடங்கி 2012-ல் அடோபி வாங்கிய பிஹான்ஸ் தளத்தில் வடிவமைப்பாளர்களே தங்கள் வேலையை ஏற்றுகிறார்கள். இறுதிப் படத்தோடு முதல் கிறுக்கல்கள், கைவிட்ட முயற்சிகள் எல்லாமே பெரும்பாலும் இருக்கும். எனக்கு அந்தக் கைவிட்ட முயற்சிகள்தான் பிடிக்கும். தேடும் பெட்டியில் 'தமிழ் டைப்போகிராபி', 'சென்னை இல்லஸ்ட்ரேஷன்' என்று ஆங்கில எழுத்தில் அடித்துப் பாருங்கள். பின்ட்ரஸ்ட் பிடித்த படங்களைச் சேர்த்து வைக்க வசதியானது, ஆனால் அதில் ஒரு பிரச்சினை. ஒருவர் சேர்த்ததை இன்னொருவர் சேர்த்து, அதை மற்றொருவர் சேர்த்து, கடைசியில் யார் வரைந்தது என்பதே காணாமல் போயிருக்கும்.

தமிழ் வாசகர்களுக்கு நான் முதலில் சொல்வது ஸ்டோரிவீவர். பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய தளம். தமிழ் உட்படப் பல மொழிகளில் குழந்தைகள் கதைகள், முழுக்க இலவசம். பெரும்பாலான கதைகளும் படங்களும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. அதாவது, வரைந்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டால் அந்தப் படத்தை நீங்கள் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றவும் செய்யலாம். பிறந்தநாள் அழைப்பிதழுக்கு கூகுளில் கண்டதை எடுப்பதற்குப் பதில் இங்கே எடுங்கள். பெயர் போடுவது மட்டும்தான் விலை.

வெட்டப்பட்ட மூலை

பெயர் போடுவது பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்காக ஒரு சம்பவம்.

எங்கள் குடியிருப்பில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ஒரு பெண். வீட்டு லேப்டாப்பில் க்ரிட்டா என்ற இலவச சாப்ட்வேரில் வரைவாள். ஒரு பொங்கலுக்கு மந்தைவெளி பஸ் ஸ்டாண்ட் எதிரே கரும்பு விற்கும் அம்மாவை வரைந்தாள். கரும்புக் கட்டு பஸ்ஸை விட உயரமாக, ஆட்டோக்காரர் ஒருவர் பேரம் பேசியபடி. கீழே வலது மூலையில் தன் பெயரைச் சின்னதாக எழுதி நண்பர்களுக்கு அனுப்பினாள்.

நான்காம் நாள் கோயம்புத்தூர் அத்தையிடமிருந்து அதே படம் பொங்கல் வாழ்த்தாக அவளுக்கே திரும்பி வந்தது. வலது மூலை வெட்டப்பட்டு, அந்த இடத்தில் ஒரு கடையின் பெயரும் போன் நம்பரும்.

"அங்கிள், இது நான் வரைஞ்சது. என் பேரை வெட்டிட்டாங்க" என்று மொபைலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் அப்பாவோ, "விடும்மா, நெட்ல போட்டா அப்படித்தான் ஆகும். படிக்கிற வேலையைப் பாரு" என்றார். டிசைன் படிக்கப் போகிறேன் என்று அவளும், பி.காம். சேர் என்று அவரும் அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

உட்கார்ந்து தேடினோம். கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்தால் இணையத்தில் அதே படம் எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும். 2008 முதல் டின்ஐ என்றொரு தளமும் இந்த வேலையைச் செய்கிறது. ஐந்தாறு இடங்களில் கிடைத்தது. ஓரிடத்திலும் அவள் பெயர் இல்லை. கடைக்குப் போன் செய்தோம். "சார், எங்க டிசைனர் கூகுள்ல எடுத்தாரு. கூகுள் படம்னா ஃப்ரீதானே சார்?" என்றார் எடுத்தவர். இல்லை என்று எடுத்துச் சொன்னதும், அன்று மாலையே தங்கள் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆனால் குடும்ப குரூப்களில் சுற்றிக்கொண்டிருந்ததை யார் நீக்க முடியும்?

நாங்கள் தேடுவதை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இத்தனை பேரா இதை எடுத்துப் போட்டிருக்காங்க?" சிறிது நேரம் கழித்து, "அந்த ஆர்ட்ஸ் காலேஜ் எழும்பூர் பக்கம்தானே இருக்கு?" அவர் கேட்டது 1850-ல் தொடங்கப்பட்ட நம் அரசு கவின் கலைக் கல்லூரியைத்தான். விண்ணப்பம் போட்டாளா, இடம் கிடைத்ததா என்பது அவர்கள் வீட்டு விஷயம், இங்கே எழுதுவதற்கில்லை.

அவள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள். இப்போது மூலையில் கையெழுத்துப் போடுவதில்லை. பஸ் வரைந்தால் ஊர் பெயர் போர்டில், கடை வரைந்தால் பெயர்ப்பலகையில், ஆட்டோ வரைந்தால் பின்பக்க வாசகத்தில் தன் பெயரை எழுதிவிடுகிறாள். வெட்டினால் படமே போய்விடும்!

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ன் 57-வது பிரிவு, 'இது என் படைப்பு' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவருக்குத் தருகிறது. படத்தின் உரிமையை விற்றுவிட்ட பிறகும் இந்த உரிமை அவரிடமே இருக்கும். வரைந்தவர் இறந்து 60 ஆண்டுகள் வரை படத்துக்குக் காப்புரிமை உண்டு. 1906-ல் மறைந்த ரவிவர்மாவின் லட்சுமியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கரும்புக்காரியை எடுக்க முடியாது.

2025 மார்ச்சில் குடும்பப் போட்டோக்களை எல்லாம் ஜிப்லி பாணிப் படங்களாக மாற்றித் தள்ளினோமே, நினைவிருக்கிறதா? அந்தப் பாணி மியாசாகியும் அவரோடு ஸ்டுடியோ ஜிப்லியில் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து வரைந்தவர்களும் உருவாக்கியது. கரும்புக்காரி விஷயத்தில் ஒரு மூலையை வெட்டினார்கள். இதில் வெட்டுவதற்கு மூலைகூட இல்லை. எந்திரம் வரைந்த படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவசரத்துக்கு உதவுகிறது. ஆனால் அதைப் பார்த்து டிசைன் கற்றுக்கொள்ள முடியாது. ஏன் இந்தக் கலர் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

பெயர் ஒட்டிக்கொள்ள

ஒரு படத்தை சேவ் செய்யும்போது ஃபைல் பெயரிலேயே வரைந்தவர் பெயர், தலைப்பு, ஆண்டு மூன்றையும் எழுதிவிடுங்கள். வெறும் எண்ணாக விட்டால் அடுத்த வருடம் உங்களுக்கே நினைவிருக்காது. ஜேபெக் படமாக இருந்தால் விண்டோஸில் அதன் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ், அதில் டீடெய்ல்ஸ் போங்கள். ஆத்தர்ஸ், காபிரைட் என்ற இடங்களில் கிளிக் செய்து பெயரை அடித்து ஓகே கொடுத்தால் ஃபைலுக்குள்ளேயே பதிந்துவிடும். நீங்களே வரைபவர் என்றால் படத்தை வெளியே அனுப்புமுன் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் இந்தத் தகவல் அழிந்துவிடும். படமும் சுருங்கும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் ஃபைல் பெயர், உள்ளிருக்கும் தகவல், பிக்ஸல் எல்லாம் அப்படியே போய்ச் சேரும். அச்சிட வேண்டிய படத்துக்கு இது மிகவும் முக்கியம். 5 x 7 அங்குல அட்டையைத் தெளிவாக அச்சிட 300 டிபிஐ கணக்கில் 1500 x 2100 பிக்ஸல் வேண்டும். ஃபார்வர்டில் வந்த படத்தில் அது இருக்காது. பிரிண்டர்காரரைத் திட்டிப் பயனில்லை.

எழுத்தும் ஒரு ஓவியம்தான்

படத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு எழுத்தை விட்டுவிட முடியாது. விண்டோஸ் 2000-ல் வந்த லதா எழுத்துருவையே எல்லாவற்றுக்கும் போட்டுக்கொண்டிருந்த காலம் மலையேறிவிட்டது. கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் தமிழ் என்று தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த 'கேட்டமரான்' ஒன்பது தடிமன்களில் கிடைக்கிறது. கட்டுமரம் என்ற நம் சொல்லே ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி எழுத்துருவாக வந்திருக்கிறது! இலங்கையின் தாரிக் அஸீஸ் செய்த 'கவிவாணர்' கையெழுத்துப் போலச் சாய்ந்து ஓடும், அவருடைய 'பவனம்' நேராக, அடக்கமாக இருக்கும். மும்பை ஏக் டைப் குழுவின் 'பாலூ தம்பி' குண்டுக் குழந்தை மாதிரி. எல்லாமே இலவசம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்.

கவிவாணரைத் தலைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணப் பத்திரிகையின் உறவினர் பட்டியல் முழுவதையும் அதில் போட்டுவிடாதீர்கள். பட்டியலுக்குக் கேட்டமரானின் மெல்லிய எடைகளில் ஒன்று சரியாக இருக்கும், ஆனால் மிக மெல்லியது வேண்டாம், வீட்டு இங்க்ஜெட்டில் அச்சிட்டால் சுழிகள் உடைந்துபோகும். தீர்மானிக்கும் முன் நீளமான ஒரு பெயரை, 'ஸ்ரீ', 'க்ஷ' எல்லாம் வருகிற மாதிரி, மூன்று நான்கு எழுத்துருக்களில் ஒரே தாளில் பிரிண்ட் எடுங்கள். வீட்டில் வயதானவர் யாரிடமாவது கண்ணாடி இல்லாமல் படிக்கக் கொடுங்கள். அவர் எந்த வரியைத் தடங்கலில்லாமல் படிக்கிறாரோ அதுதான் உங்கள் பத்திரிகைக்கு.